உறுப்பு தானம், உடல் தானம்: கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறுப்பு தானம் செய்யுங்கள் என்று கேட்கும் பக்கங்கள் நிறைய இருக்கின்றன. எழுதிக் கொடுத்தவருக்கு அப்புறம் மனம் மாறினால் என்ன செய்வது என்று சொல்பவை குறைவு. கேட்பவர்களும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள், ஏதோ கொடுத்த வாக்கை மீறுவதுபோல. என் காதில் விழுந்த கேள்விகளையும் நானே தேடித் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். நான் தானத்துக்கு எதிரானவன் இல்லை. என் டோனர் கார்டு இன்னும் பர்ஸில்தான் இருக்கிறது.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் எந்த நாட்டுச் சட்டம் என்று அங்கங்கே சொல்லிவிட்டே பேசுகிறேன்.

எழுதிக் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற முடியுமா?

முடியும். உயிரோடு, சுயநினைவோடு இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும். உறுதிமொழி என்பது ஒப்பந்தம் அல்ல. நீங்கள் எதையும் விற்கவில்லை, முன்பணம் வாங்கவில்லை. அதை நிறைவேற்றச் சொல்லி உங்கள்மேல் வழக்குப் போட யாருக்கும் வழியில்லை.

காரணம் சொல்ல வேண்டுமா?

வேண்டாம். இரண்டு பக்கத்துக்கு விளக்கமும் மன்னிப்பும் எழுதி, பதிவு எண்ணைக் குறிப்பிட மறந்துபோன கடிதத்தைப் பார்த்திருக்கிறேன். அலுவலகத்தில் அதை வாங்குபவருக்குத் தேவை பெயர், எண், தேதி. காரணம் உங்களோடு இருக்கட்டும்.

வாபஸ் வாங்கிவிட்டால் என் உறுப்புகளை எடுக்க மாட்டார்கள், அப்படித்தானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சம்மதத்தை வாபஸ் வாங்குவது வேறு, மறுப்புத் தெரிவிப்பது வேறு. வாபஸ் வாங்கினால் நீங்கள் எதுவும் எழுதிக் கொடுக்காதவர் ஆகிவிடுகிறீர்கள், அவ்வளவுதான். எதுவும் எழுதிக் கொடுக்காதவர் இறந்தால் என்ன நடக்குமோ அது உங்களுக்கும் நடக்கும். பல இடங்களில் அதன் பொருள், குடும்பத்தினர் சம்மதித்தால் எடுக்கலாம் என்பது. வேறு சில இடங்களில் அதன் பொருள், நீங்கள் சம்மதித்ததாகவே எடுத்துக்கொள்ளலாம் என்பது.

அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவை பின்பற்றும் 2006ஆம் ஆண்டின் சீரான உடற்கொடைச் சட்டம் இதை ஒளிவுமறைவில்லாமல் எழுதியே வைத்திருக்கிறது: கொடையாளர் தன் கொடையை ரத்து செய்வது மறுப்பு ஆகாது, அவர் இறந்த பின் குடும்பத்தினர் கொடுப்பதை அது தடுக்காது. மறுப்புக்கு அதே சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. அதன்படி மறுத்திருந்தால் குடும்பமே விரும்பினாலும் கொடுக்க முடியாது.

இந்தியாவில் 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் (2011இல் திருத்தப்பட்டு இப்போது திசுக்களையும் சேர்த்துக்கொண்டது) இரண்டு படிகளாகப் பேசுகிறது. முதல் படி: இறந்தவர் உயிரோடு இருந்தபோது சாட்சிகள் முன்னிலையில் எழுதிக் கொடுத்திருந்தால், அதைப் பிறகு ரத்து செய்தார் என்று நம்பக் காரணம் இல்லாதவரை, உடலைச் சட்டப்படி தன் வசம் வைத்திருப்பவர் உறுப்புகளை எடுக்க வசதி செய்து தர வேண்டும். இரண்டாவது படி: அப்படி எழுதிக் கொடுக்கவில்லை, ஆட்சேபமும் தெரிவிக்கவில்லை என்றால், நெருங்கிய உறவினர்களுக்கு ஆட்சேபம் இல்லாதபோது உடலை வைத்திருப்பவர் அனுமதி தரலாம். நீங்கள் வாபஸ் மட்டும் வாங்கினால் முதல் படியிலிருந்து இரண்டாவது படிக்கு இறங்குகிறீர்கள். அங்கேயும் கதவைச் சாத்த வேண்டுமானால் ‘எனக்கு ஆட்சேபம் இருக்கிறது’ என்று தனியாகச் சொல்லியாக வேண்டும்.

பிரிட்டனில் இந்தக் குழப்பம் இன்னும் ஆபத்தானது. வேல்ஸில் 2015 டிசம்பர் முதலும், இங்கிலாந்தில் 2020 மே முதலும், ஸ்காட்லாந்தில் 2021 மார்ச் முதலும், வட அயர்லாந்தில் 2023 ஜூன் முதலும், வேண்டாம் என்று சொல்லாத வயதுவந்தோர் சம்மதித்தவர்களாகவே கருதப்படுகிறார்கள் (சில விதிவிலக்குகள் உண்டு). அங்கே பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கச் சொல்வது ஒரு தேர்வு, ‘தானம் செய்ய விருப்பமில்லை’ என்று பதிவது இன்னொரு தேர்வு. ‘நீக்கு’ என்பதை அழுத்திவிட்டு நிம்மதியாக எழுந்து போகிறவர், சட்டத்தின் கண்ணில் சம்மதித்தவர் வரிசையில் நிற்கிறார்.

அப்படியானால் மறுப்பை எங்கே பதிவது?

மறுப்புப் பதிவேடு இருக்கும் நாடுகளில் வேலை எளிது. பிரான்ஸில் 1976 முதலே எல்லோரும் சம்மதித்ததாகக் கொள்ளும் சட்டம் இருப்பதால் தேசிய மறுப்புப் பதிவேடு வைத்திருக்கிறார்கள்; 13 வயதிலிருந்தே அதில் பெயர் சேர்க்கலாம். ஜெர்மனியில் 2024 மார்ச்சில் இணையப் பதிவேடு ஒன்று தொடங்கியது. அங்கே சம்மதம் சொல்ல 16 வயது ஆக வேண்டும், மறுப்புச் சொல்ல 14 போதும். இந்த வித்தியாசம் எனக்குப் பிடித்திருக்கிறது. கொடுக்கச் சொல்வதற்கு வேண்டிய முதிர்ச்சி, என்னைத் தொடாதே என்று சொல்வதற்குத் தேவையில்லை என்று யாரோ யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் 1987ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 21 வயதான குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் தானாகவே உள்ளே கொண்டுவந்துவிடும். சிறுநீரகம், கல்லீரல், இதயம், கருவிழி ஆகிய நான்குக்கும் அது பொருந்தும். வெளியேறப் படிவம் உண்டு. நான்கையும் மறுக்கலாம், ஒன்றை மட்டும் மறுக்கலாம்.

தனி மறுப்புப் பதிவேடு இல்லாத இடத்தில் எழுத்தும் குடும்பமும்தான் துணை. என்ன எழுதுவது என்பதைக் கீழே சொல்கிறேன்.

மறுத்துவிட்டால், நாளைக்கு எனக்கே உறுப்பு தேவைப்படும்போது கிடைக்காதா?

பெரும்பாலான நாடுகளில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. சிங்கப்பூர் விதிவிலக்கு: மறுத்தவர்கள் காத்திருப்போர் பட்டியலில், மறுக்காதவர்களுக்குப் பின்னால் வைக்கப்படுவார்கள். மறுப்பை ரத்து செய்தால், இரண்டு ஆண்டுகள் கழித்துப் பழைய முன்னுரிமை திரும்பும். அது நியாயமா என்பது வேறு விவாதம். படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்பதில் சந்தேகமில்லை.

இந்தியாவில் உறுதிமொழி கொடுத்திருக்கிறேன். திரும்பப் பெற என்ன வழி?

எந்த வழியில் கொடுத்தீர்கள் என்று முதலில் பாருங்கள்.

தேசிய உறுப்பு மற்றும் திசு மாற்று நிறுவனத்தின் இணையதளத்தில் கொடுத்திருந்தால், அதே தளத்தில் உறுதிமொழியை ரத்து செய்யும் வசதி இருக்கிறது. காகிதத்தில் கொடுத்திருந்தால் அது 2014ஆம் ஆண்டு விதிகளில் வரும் படிவம் 7 ஆக இருக்கும். அந்தப் படிவத்தின் அடிக்குறிப்பிலேயே, உறுதிமொழி தந்தவர் தகவல் தெரிவித்து அதைத் திரும்பப் பெறலாம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் அவ்வளவு தூரம் படிப்பதில்லை. பிரதி ஒன்று உங்களிடம் இருக்கும், இன்னொன்று வாங்கிய நிறுவனத்திடம் இருக்கும். அந்த நிறுவனத்துக்குத்தான் எழுத வேண்டும்.

முகாமில் கொடுத்தேன், யார் நடத்தினார்கள் என்றே நினைவில்லை என்றால்? கார்டின் பின்புறம் பாருங்கள். பெயரோ தொலைபேசி எண்ணோ இருக்கும். அதுவும் இல்லையென்றால் மாநில உறுப்பு மாற்று ஆணையத்துக்கும் தேசிய நிறுவனத்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்பிவிடுங்கள். சிலர் மூன்று இடங்களில் பதிந்திருப்பார்கள்: கல்லூரி நாள்களில் ஒரு கண் வங்கி, அலுவலக முகாமில் ஒரு தொண்டு நிறுவனம், பிறகு இணையத்தில் ஒன்று. ஒன்றை ரத்து செய்தால் மற்றது தானாக ரத்தாகும் என்று எண்ண வேண்டாம்.

எழுதி முடித்த கையோடு செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. படிவம் 7இல் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருப்பார்கள். அவர்களில் ஒருவராவது நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த உறவினர் யார் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் மனைவியாக இருக்கலாம், அண்ணனாக இருக்கலாம். நாளை மருத்துவமனை வராந்தாவில் ‘அவருக்குக் கொடுக்கணும்னுதான் ஆசை, நானே சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்’ என்று நல்ல மனதோடு சொல்லப்போகிறவர் அவர்தான். முதலில் அவரிடம் சொல்லுங்கள்.

கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

நீளமாக ஒன்றும் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

‘என் பெயர், பிறந்த தேதி, முகவரி மேலே உள்ளன. இந்தத் தேதியில், இந்தப் பதிவு எண்ணில் நான் அளித்த உறுப்பு தான உறுதிமொழியை இன்று முதல் ரத்து செய்கிறேன். நான் இறந்த பிறகு என் உடலிலிருந்து எந்த உறுப்பையும் திசுவையும் எடுக்க நான் உடன்படவில்லை. என் சார்பில் உறவினர் எவரும் அதற்குச் சம்மதம் தர வேண்டாம். இது என் சொந்த முடிவு. இந்தக் கடிதம் கிடைத்ததற்கும் என் பதிவு நீக்கப்பட்டதற்கும் எழுத்தில் பதில் தர வேண்டுகிறேன்.’

கவனியுங்கள், இரண்டாவது வாக்கியம் வாபஸ். மூன்றாவதும் நான்காவதும் மறுப்பு. ‘நான் உறுதி சொல்ல விரும்பவில்லை, ஆனால் அந்த நேரத்தில் என் பிள்ளைகள் முடிவு செய்யட்டும்’ என்று நினைப்பவர்கள் அந்த இரண்டையும் விட்டுவிடலாம். அதுவும் நியாயமான முடிவுதான். தெரிந்தே எடுத்ததாக இருந்தால் சரி.

கையெழுத்து, தேதி, இரண்டு சாட்சிகள். சாட்சி எல்லா இடத்திலும் கட்டாயம் இல்லை. ஆனால் சம்மதத்தைச் சாட்சியோடு கொடுத்துவிட்டு வாபஸைச் சாட்சியில்லாமல் எழுதினால், பின்னால் சந்தேகம் கிளப்ப ஒருவருக்கு இடம் கொடுத்ததாகிவிடும். ஒப்புகை கிடைக்கும் தபாலில் அனுப்புங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் வந்த பதிலை அச்செடுத்து வையுங்கள். ஒரு மாதமாகியும் பதில் இல்லையென்றால் மறுபடி எழுதுங்கள்.

டோனர் கார்டைக் கிழித்துப் போட்டால் போதாதா?

கார்டு மட்டுமே இருந்து, எங்கேயும் பதிவாகவில்லை என்றால் கிட்டத்தட்டப் போதும். அமெரிக்கச் சட்டத்தில், ரத்து செய்யும் எண்ணத்தோடு ஆவணத்தை அழிப்பதும் முறையான வழிகளில் ஒன்று. ஆனால் இன்று பெரும்பாலான கார்டுகள் கணினியில் உள்ள பதிவின் நிழல்தான். நிழலைக் கிழித்தால் பதிவு போகாது.

அதே நாட்டிலிருந்து இன்னொன்று: ஓட்டுநர் உரிமத்தில் கொடையாளர் என்று குறித்திருந்தால், உரிமம் காலாவதியானாலோ ரத்தானாலோகூட கொடை செல்லும். உரிமம் போயிற்று, அதோடு அதுவும் போயிற்று என்று இருந்துவிடக் கூடாது.

தலைகீழாகவும் நடக்கும். என் சித்தப்பா கடிதமெல்லாம் ஒழுங்காக எழுதி, பதிலும் வாங்கி, அதைப் பத்திரமாகப் பீரோவில் வைத்தார். கார்டை மட்டும் மறந்துவிட்டார். ஓரம் மஞ்சளித்த லாமினேஷனோடு, பர்ஸில் பேரன் போட்டோவுக்குப் பின்னால் அது இருந்தது. அவர் மயங்கி விழுந்து மருத்துவமனையில் சேர்த்தபோது நர்ஸ் கையில் முதலில் கிடைத்தது அந்தக் கார்டுதான். நல்லவேளை, எழுந்து உட்கார்ந்து அவரே பதில் சொன்னார்.

உயிலில் எழுதி வைத்திருக்கிறேன். அது போதுமா?

சட்டப்படி பல இடங்களில் செல்லும். நடைமுறையில் பயன் குறைவு. மூளைச்சாவுக்குப் பிறகு முடிவெடுக்கக் கிடைப்பது மணிக்கணக்கு; கண் என்றால் இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிடப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் யாரும் உயிலைத் தேடிப் பெட்டியைத் திறப்பதில்லை. சொத்துப் பேச்சு வரும்போதுதான் திறப்பார்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

பழைய உயிலில் ‘என் உடலைத் தானம் செய்க’ என்று எழுதியிருந்தால் அதையும் மாற்ற மறக்காதீர்கள். புது உயிலில் அதைப் பற்றிப் பேசாமல் விட்டால், எது கடைசி விருப்பம் என்று வீட்டில் சண்டை வரும்.

வாயால் சொன்னால் செல்லுமா?

சில சட்டங்களில் செல்லும். அமெரிக்கச் சட்டப்படி, உயிர்போகும் நிலையிலுள்ள நோயிலோ காயத்திலோ இருப்பவர் இரண்டு வயதுவந்தவர்களிடம் எந்த வகையில் தெரிவித்தாலும் போதும், அவர்களில் ஒருவராவது இதில் சம்பந்தமில்லாதவராக இருக்க வேண்டும். இந்தியச் சட்டம் ரத்து செய்வதற்கு என்று தனி வடிவம் எதையும் விதிக்கவில்லை. ‘நம்பக் காரணம்’ இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. ஆகவே மகளிடம் தெளிவாகச் சொல்லியிருந்தால் அதுவும் கணக்கில் வரும். ஆனால் மகள் ஒன்று சொல்லி மகன் வேறொன்று சொன்னால், இறந்தவர் வந்து தீர்த்துவைக்க முடியாது. எழுதிவிடுங்கள்.

உடல் தானமும் இதே விதிதானா?

இல்லை. பலரும் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். உறுப்பு தானம் இன்னொரு நோயாளிக்கு. உடல் தானம் மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறைக்கு, மாணவர்கள் படிக்க. சட்டமும் வேறு, பதிவேடும் வேறு. உறுப்பு தானப் பதிவை ரத்து செய்தால் கல்லூரியிடம் இருக்கும் உங்கள் கோப்பு அப்படியே இருக்கும்.

இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் 2004ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டப்படி, உடலை உடற்கூறியலுக்குத் தர அவரவரே சாட்சியோடு எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும். இறந்த பிறகு குடும்பத்தினர் தர முடியாது. ஆகவே அங்கே உடல் தானத்தைப் பொறுத்தவரை வாபஸே மறுப்பு மாதிரிதான்: உங்கள் எழுத்து இல்லையென்றால் உடல் போகாது.

இந்தியாவில் உடற்கூறியல் சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. எங்கே பதிந்தீர்களோ அந்தக் கல்லூரியின் உடற்கூறியல் துறைக்கு எழுதுங்கள். பதிவு எண்ணைக் குறிப்பிடுங்கள். கொடுத்த அட்டையின் நகலை இணையுங்கள். வேறு ஊருக்குக் குடிபோனதால் கல்லூரியை மட்டும் மாற்றுகிறவர்களும் பழைய இடத்தில் ரத்து செய்துவிட்டே புதிய இடத்தில் பதிவது நல்லது.

எழுத்து இல்லாமல் போனால் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்குக் கேரளத்தில் ஒரு வழக்கு இருக்கிறது. மூத்த இடதுசாரித் தலைவர் எம்.எம். லாரன்ஸ் 2024 செப்டம்பரில் காலமானார். உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தர வேண்டும் என்று அவர் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார் என்றது குடும்பத்தின் ஒரு தரப்பு. மகள்களில் ஒருவர் மறுத்தார். தேவாலயத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்றார். கேரள உடற்கூறியல் சட்டத்தின் அடிப்படையில் உயர் நீதிமன்றம் கல்லூரிக்குத் தருவதை ஏற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது; அங்கே 2025 ஜனவரியில்தான் மகளின் மனு தள்ளுபடியானது. அதுவரை உடல் காத்திருந்தது. அவர் விருப்பம் எதுவாக இருந்திருந்தாலும், ஒரு பக்கக் கடிதம் அந்த மாதங்களை மிச்சப்படுத்தியிருக்கும்.

உடலை ஒப்படைத்த பிறகு குடும்பம் திரும்பக் கேட்கலாமா?

பதப்படுத்தும் வேலை தொடங்குவதற்குள் கேட்டால் பெரும்பாலும் தந்துவிடுவார்கள். எந்தக் கல்லூரியும் அழுதுகொண்டு நிற்கும் குடும்பத்தோடு மல்லுக்கட்ட விரும்பாது. ரசாயனம் ஏற்றிவிட்டால் நடைமுறையில் கடினம். அறுத்துப் படிக்கத் தொடங்கிவிட்டால் பேச்சே இல்லை.

எல்லாவற்றையும் வேண்டாம், சிலவற்றை மட்டும் விலக்கலாமா?

தாராளமாக. படிவம் 7இலேயே உறுப்புகள் வரிசையாக இருக்கும்; வேண்டியதை மட்டும் குறிக்கலாம். ஏற்கெனவே எல்லாம் என்று குறித்திருந்தால், பழையதை ரத்து செய்து புதிதாக ஒன்று நிரப்புவது சுலபம். கண்ணைத் தொடாதீர்கள் என்று சொல்பவர்கள் நிறைய. சிரிக்க வேண்டாம்; ஒருவருக்குத் தன் முகம் என்பது தன் கண்ணாக இருக்கலாம்.

உடல் தானமும் உறுப்பு தானமும் சேர்த்து எழுதியவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: கண் தவிர வேறு உறுப்புகளை எடுத்த உடலைக் கல்லூரிகள் வழக்கமாக ஏற்பதில்லை. பிரேதப் பரிசோதனை செய்த உடலையும் அப்படித்தான். உடல் தானம்தான் முக்கியம் என்றால் உறுப்பு தானத்தை விலக்குவதில் அர்த்தம் இருக்கிறது.

கொடையாளர் என்று தெரிந்தால் டாக்டர்கள் காப்பாற்ற மெனக்கெட மாட்டார்களோ? அந்தப் பயத்தில்தான் ரத்து செய்ய நினைக்கிறேன்.

பயத்தில் ரத்து செய்வதும் உங்கள் உரிமைதான். ஆனால் ஏற்பாடு என்ன என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். இந்தியாவில் மூளைச்சாவை நான்கு மருத்துவர்கள் சேர்ந்து உறுதிசெய்ய வேண்டும். குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும். உறுப்பு மாற்று அறுவை செய்யும் குழுவில் உள்ளவர்கள் அந்த நால்வரில் இருக்கக் கூடாது. உயிரைக் காக்கப் போராடும் அறையில் உங்கள் கார்டுக்கு வேலை இல்லை. இது தெரிந்த பிறகும் மனம் ஒப்பவில்லையா, சரி, கடிதம் எழுதுங்கள்.

மூளைச்சாவு என்றார்கள், குடும்பமாகக் கையெழுத்துப் போட்டோம். இப்போது மனம் கேட்கவில்லை. நிறுத்தலாமா?

அறுவை தொடங்கும்வரை நிறுத்தச் சொல்லலாம். ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் உங்களிடம் பேசியிருப்பார்; அவரிடமே சொல்லுங்கள். உறுப்பைப் பெறக் காத்திருப்பவர் அதற்குள் வேறு ஊரிலிருந்து கிளம்பியிருக்கலாம். அதைச் சொல்லி உங்கள்மேல் பாரம் ஏற்றுவது முறையல்ல. இறந்தவர் தானே முன்கூட்டி எழுதிக் கொடுத்திருந்தால் நிலைமை கொஞ்சம் மாறும். அமெரிக்காவில் அப்படிப்பட்ட கொடையைக் குடும்பம் ரத்து செய்ய முடியாது என்று சட்டமே சொல்கிறது. இந்தியாவில் எழுத்து இருந்தாலும் குடும்பத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை என்பதே நடைமுறை.

உயிரோடு இருக்கும்போதே உறவினருக்குச் சிறுநீரகம் தர ஒப்புக்கொண்டேன். பின்வாங்கலாமா?

மயக்க மருந்து கொடுக்கும் நிமிடம்வரை. சோதனைகள் முடிந்திருந்தாலும், அனுமதிக் குழு முன் போய் ஆமாம் என்று சொல்லியிருந்தாலும், அறுவைக்கு நாள் குறித்திருந்தாலும் மாறாது. இந்தியாவில் உயிருள்ள கொடையாளரின் உறுதிமொழிப் படிவத்திலேயே, அறுவைக்கு முன் எப்போதும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பது சேர்ந்தே இருக்கிறது.

நீதிமன்றம்கூட வற்புறுத்தாது என்பதற்கு 1978இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடந்த மெக்ஃபால் - ஷிம்ப் வழக்கைச் சொல்வார்கள். மெக்ஃபாலுக்கு எலும்பு மஜ்ஜை வேண்டியிருந்தது. சொந்தக்காரரான ஷிம்ப் முதல் சோதனைக்கு வந்தார், பொருந்தியது, பிறகு மறுத்துவிட்டார். மெக்ஃபால் வழக்குப் போட்டார். நீதிபதி ஷிம்பின் மறுப்பை ஒழுக்கத்தின்படி ஏற்கவே முடியாதது என்று கண்டித்தார். ஆனாலும் ஒருவர் உடலை இன்னொருவருக்காக வலிந்து அறுக்க உத்தரவிட மறுத்துவிட்டார். சில வாரங்களில் மெக்ஃபால் இறந்துபோனார்.

எலும்பு மஜ்ஜை விஷயத்தில் மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். பெறுபவரின் சொந்த மஜ்ஜையை மருந்தாலும் சில சமயம் கதிர்வீச்சாலும் அழித்த பிறகே புதியதை ஏற்றுவார்கள். அந்தச் சிகிச்சை தொடங்கிய பிறகு கொடையாளர் விலகினால் பெறுபவர் பிழைப்பது கடினம். சட்டம் அப்போதும் உங்கள் பக்கம்தான். ஆனால் வேண்டாம் என்ற எண்ணம் இருந்தால் அந்தத் தேதிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். தேதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

பின்வாங்குகிறேன் என்று வீட்டில் எப்படிச் சொல்வது? கொன்றுவிடுவார்கள்.

உங்கள் மருத்துவரிடமோ ஒருங்கிணைப்பாளரிடமோ தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். பல மையங்களில், ‘மருத்துவக் காரணங்களால் இவர் பொருத்தமில்லை’ என்று மட்டும் குடும்பத்துக்குச் சொல்லி விஷயத்தை முடித்துவிடுவார்கள். பொய்யா என்றால், மனமில்லாத கொடையாளர் மருத்துவரின் கணக்கில் உண்மையிலேயே பொருத்தமில்லாதவர்தான்.

கொடுத்த பிறகு திரும்பக் கேட்க முடியுமா?

கேட்டுப் பார்த்தவர் இருக்கிறார். 2009இல் நியூயார்க்கில் விவாகரத்து வழக்கில் இருந்த ஒரு மருத்துவர், மனைவிக்குத் தந்த சிறுநீரகத்தைத் திருப்பித் தர வேண்டும், இல்லாவிட்டால் 15 லட்சம் டாலர் வேண்டும் என்றார். நீதிமன்றம் ஏற்கவில்லை. உடலை விட்டுப் போன உறுப்புக்குச் சொத்துக் கணக்கும் கிடையாது, வாபஸும் கிடையாது.

ரத்து செய்துவிட்டேன். மறுபடி மனம் மாறினால்?

மறுபடி பதியலாம். எத்தனை முறை வேண்டுமானாலும். ஒரே நிபந்தனை, முன்பு மறுப்புக் கடிதம் எழுதியிருந்தால் அதை முதலில் ரத்து செய்யுங்கள். அதன் நகல் யார் யாரிடம் போனதோ அவர்களிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புது உறுதிமொழி ஒரு பக்கமும் பழைய மறுப்பு ஒரு பக்கமும் கிடக்கும். எல்லாத் தாளிலும் தேதி போடச் சொன்னது அதற்காகத்தான். என் சித்தப்பா இப்போது மறுபடி கண் தானத்துக்கு மட்டும் பதிந்திருக்கிறார். இந்த முறை புதுக் கார்டை வாங்கிய அன்றே பர்ஸைக் கவிழ்த்துக் கொட்டி, பழைய சீட்டு ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று சித்தியையும் தேடச் சொன்னார்.